மோப்பக்காரர் கார் வாங்கிய கதை

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் மோப்பக்காரர் என்றால்தான் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறது. அண்ணாந்து பார்த்துப் படிக்க யாருக்கு நேரமிருக்கிறது? மனிதர் டிரை கிளீனிங் கடை வைத்திருப்பவர். துணியைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தால், முதல் காரியமாக எடுத்து மூக்கில் வைப்பார். காலர், கைமடிப்பு, பாக்கெட் என்று ஒவ்வொன்றாக முகர்வார். துணிக்குச் சொந்தக்காரர் எதிரிலேயே நிற்கிறாரே, கூச்சப்படுவாரே என்றெல்லாம் பார்க்க மாட்டார்.

"இது என்ன கறை?"

"தெரியலையே சார். வெறும் தண்ணியா இருக்கும்."

"தண்ணிக்கு எதுக்கு மஞ்சள் ஓரம்? மருந்தா, எண்ணெயா? உண்மையைச் சொன்னாத்தானே அதுக்கேத்த மாதிரி எடுக்க முடியும்?"

ஒரு சட்டையைப் போட்டுவிட்டுப் போக வந்தவர் இப்படிக் கூண்டில் ஏறி நிற்க வேண்டும். ஆனால் மோப்பக்காரர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. கடை திறந்த புதிதில் ஒரு வக்கீலின் கோட் வந்தது. பார்ப்பதற்குப் பளிச்சென்று இருந்தது. வீட்டில் யாரோ அதில் எதையோ கொட்டி, கிடைத்த சோப்பையெல்லாம் போட்டுத் தேய்த்து, காயவைத்து, ஒன்றும் தெரியாத மாதிரி கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். இயந்திரத்தின் சூடு பட்டதும் மார்பு முழுக்கக் கறை கிளம்பிவிட்டது. வக்கீல் கடைக்கே வந்து கத்தினார். புதுக் கோட் வாங்கிக் கொடுத்துத்தான் மீள முடிந்தது. அன்றைக்கு அவர் மனதில் ஏறி உட்கார்ந்தது ஒரு சட்டம்: அழுக்காக வரும் துணி அப்பாவி, சுத்தமாக வரும் துணி எதையோ மறைக்கிறது.

சட்டம் துணியோடு நின்றிருந்தால் கதையே இல்லை. பழக்கடையில் பளபளக்கும் பழத்தை வாங்க மாட்டார். வழியச் சிரிக்கிறவனிடம் பேச மாட்டார். புது டாக்டர் கனிவாகப் பேசினால், "என்னவோ இருக்கு" என்று முணுமுணுப்பார். வீட்டிலும் இதே கதைதான். எதையும் ஒரு தடவை கேட்டு விடுகிற ஜென்மம் இல்லை அது. சாப்பிட்டாயா என்று கேட்டு, சாப்பிட்டேன் என்று பதில் வந்தால், "நிஜமா?" என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் ஓய்வார்.

இந்த மனிதரோடு கடை எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். கடையை ஓட்டியது மனைவி. கல்யாணமான புதிதிலிருந்து முன்மேசையில் உட்கார்ந்தவள் அவள்தான். யார் எதைச் சொன்னாலும் நம்புவாள். "தண்ணிதான்" என்றால், "தண்ணியாத்தான் இருக்கும், குடுத்துட்டுப் போங்க" என்று சிரித்துக்கொண்டே சீட்டைக் கட்டிவிடுவாள். அவர் முகர்ந்து விரட்டிய ஆளை அவள் பேசித் திரும்ப வரவழைப்பாள். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் பிழைப்பு நன்றாகவே நடந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஹேங்கர்களை அள்ளிக்கொண்டு முன்மேசைக்கு வந்தவள் கையிலிருந்து அத்தனையும் சடசடவென்று விழுந்தன. "என்ன அவசரம்?" என்று உள்ளேயிருந்து திட்டினார். குனிந்து பொறுக்கப் போனவள் எழுந்திருக்கவே இல்லை. பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சு அப்படியே இருந்தது. இடது காலும் இடது கையும்தான் அவள் சொன்னபடி கேட்க மறுத்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஒரு கையால் பிடிக்கிற வாக்கரை ஊன்றிக்கொண்டு அடிமேல் அடி வைத்து நடக்கத் தொடங்கினாள். கைதான் மடங்கிய விரல்களோடு மார்புக்குக் குறுக்கே கிடந்தது. ஊருக்கு வெளியே இருக்கிற பிசியோதெரபி நிலையத்தில் ஒரு டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: "இந்த சில மாசம்தான் முக்கியம். விடாம கூட்டிட்டு வாங்க. விரல் திறக்கும். விட்டுட்டீங்கன்னா இறுகிடும், அப்புறம் யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

இனிக் காருக்கு வருவோம். அந்த வீட்டுக் கார், மகள் பிறந்த வருஷம் வாங்கியது. மகள் படித்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். கார் மட்டும் போகவில்லை. மனைவியின் தம்பி ஒரு மெக்கானிக். வாரம் ஒரு தடவையாவது பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பான். "மாமா, இதுக்கு நான் இப்ப பண்றது ரிப்பேரே இல்ல. சும்மா ஆறுதல் சொல்லிட்டு இருக்கேன்" என்பான். மாமா காதில் வாங்க மாட்டார். பழகிய வண்டி, அதன் குறையெல்லாம் அவருக்குத் தெரியும், அதுவே பெரிய நிம்மதி என்பார்.

அந்தப் பழகிய வண்டிதான், தெரபிக்குப் போகிற வழியில், ரயில் பாதைக்குக் கீழே இறங்கி ஏறும் சுரங்கச் சாலையில் நட்டநடுவே நின்றது. மழைத் தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. பின்னால் லாரிகள். இவர் கீழே இறங்கித் தன்னந்தனியாகத் தள்ளுகிறார், வண்டி அசைந்தால்தானே? உள்ளே அவள் உட்கார்ந்திருக்கிறாள். கதவைத் திறந்து தானாக இறங்க அவளால் முடியாது. ஹாரன் சத்தம் அந்தக் குகைக்குள் மோதி மோதிக் காதைப் பிளந்தது. ஒருவழியாக நாலு பேர் சேர்ந்து தள்ளி மேலே ஏற்றினார்கள். இவர் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"பயந்துட்டியா?" என்று கேட்டார்.

"இல்லையே. நான் என்ன பண்ணேன், உக்காந்துதானே இருந்தேன்?"

"சும்மா சொல்லாதே. பயந்துட்டே."

"இல்லைங்க."

வீடு வந்து சேரும்வரை கேட்டார். வீட்டுக்கு வந்தும் கேட்டார். மறுநாளும் கேட்டார். கடைசியில், "சரி, ஆமா, பயமாத்தான் இருந்தது" என்றாள். அப்பாடா என்று உட்கார்ந்தார் மனிதர். உண்மை வெளியே வந்துவிட்டதல்லவா? இனி நம்பகமான ஒரு கார் கிடைக்கும்வரை இவளை வெளியே அழைத்துப் போவதில்லை என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினார்.

வாடகைக் கார் இல்லையா என்று மகள் போனில் கேட்டாள். ஒரு தடவை கூப்பிட்டார்கள். வந்தது உயரமான வண்டி; அவளைத் தூக்கி ஏற்றுவதற்குள் ஓட்டுநர் கடிகாரத்தை ஆறு தடவை பார்த்தான். முதல் திருப்பத்தில் அவன் பிரேக்கை மிதித்த மிதியில் அவள் சீட்டிலிருந்து சரிந்துவிட்டாள். அத்தோடு அந்தப் பேச்சும் முடிந்தது. தாழ்வான சீட் வேண்டும், முதலில் உட்கார்ந்துகொண்டு பிறகு காலை உள்ளே எடுத்து வைக்கிற மாதிரி. வாக்கரை மடித்து வைக்கப் பின்னால் டிக்கி வேண்டும். ஆகவே செடான். புதிது வாங்கக் கட்டுப்படியாகாது. ஆகவே பழைய செடான். மச்சான் துணைக்கு வர, வேட்டை தொடங்கியது.

அந்த வேட்டையை என்னவென்று சொல்ல! விற்கிறவர் கதவைத் திறந்ததும் இவர் தலையை உள்ளே விடுவார். சீட்டை முகர்வார், கூரைத் துணியை முகர்வார், மிதியடியைப் புரட்டி முகர்வார். முதலில் பார்த்த வண்டியிலேயே அவர் மூக்கு ஜெயித்துவிட்டது, அதுதான் வினை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து முகர்ந்து பார்த்தவர், அதன் அடிப்பகுதியை மச்சான் முகத்துக்கு நேரே நீட்டினார். மடிப்பில் காய்ந்த சேறு. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. விற்க வந்தவன் பேயறைந்த மாதிரி நின்றான். "மாமா, நீங்க ஆளு சாதாரணமில்ல!" என்று மச்சானே வாயைப் பிளந்தான்.

அந்தப் பாராட்டை அவன் சொல்லாமலிருந்திருக்கலாம். அதற்குப் பிறகு மாமாவைப் பிடிக்க முடியவில்லை. ஒரு வண்டியில் பிரேக் மிதிகட்டை ரப்பர் புதிதாக இருந்தது: "ஏன் மாத்தினான்?" இன்னொன்றில் ரப்பர் தேய்ந்திருந்தது: "ஏன் மாத்தல?" பெயின்ட் மங்கியிருந்தால் விபத்து, பளபளத்தால் பெரிய விபத்து. விலை குறைத்தால் வண்டியில் கோளாறு, குறைக்காவிட்டால் ஆளிடம் கோளாறு. மச்சான் டார்ச் லைட்டும் ஸ்பானருமாக வந்து, பானெட்டைத் திறக்காமலேயே திரும்பிப் போன நாட்கள்தான் அதிகம்.

வண்டி விற்றுக் கொடுக்கும் புரோக்கர் ஒருவர் இருந்தார். தூங்கும்போதும் சிரிப்பார் போலிருக்கும். அப்படி ஒரு முகம். அவருடைய இடத்தில் வெள்ளைக் கார்களாக வரிசையாக நின்றன. அதில் ஒன்றின் கதவைத் திறந்து, "சார், இது ஒரு கணக்கு வாத்தியாரோட—" என்று ஆரம்பித்தார். உள்ளிருந்து எலுமிச்சை சோப்பு வாசனை குப்பென்று வந்தது. புது உறை போட்ட சீட்டுகள். கண்ணாடியில் ஒரு விரல் ரேகை கிடையாது. மோப்பக்காரர் மூக்கை ஒரே ஒரு தடவை நுழைத்தார். கதவைப் படாரென்று மூடினார்.

"வேணாம்."

"சார், எஞ்சினையாவது—"

"இவ்வளவு கழுவியிருக்காங்கன்னா எவ்வளவு இருந்திருக்கும்? என் காதுல பூ சுத்தாதீங்க." நம்பர் பலகையைக்கூடப் பார்க்காமல் நடந்துவிட்டார். மச்சான் மட்டும் அந்த வண்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு பின்னால் போனான்.

இங்கே வீட்டில் அவளுடைய கை மெல்ல மெல்ல இறுகிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் உள்ளங்கையில் பதிய ஆரம்பித்திருந்தது. நகம் வெட்டுவதற்கே விரலைப் பிரிக்க வேண்டியிருந்தது. டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சியை அவள் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு செய்வாள். கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வருகிற மோப்பக்காரர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்காருவார்.

"தோள் வலிக்குதா?"

"இல்லைங்க."

"நிஜமா சொல்லு. வலிக்குதா?"

"இல்லை."

"மூஞ்சியைப் பாத்தா அப்படித் தெரியலையே."

"லேசா வலிக்குது."

"பாத்தியா! அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று தைலத்தை எடுத்துக்கொண்டு வருவார். அரை மணி நேரம் பக்தியாகத் தேய்ப்பார். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தேய்த்து முடித்ததும் அவருக்குத்தான் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

டாக்டரம்மாவிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. இரண்டாவது தடவை அவர் குரலில் கனிவு இல்லை. "கார் கிடைச்சதும் வரோம்" என்றார் இவர். "கை காருக்காகக் காத்திட்டு இருக்காது சார்" என்று போனை வைத்துவிட்டார் அவர். அது மோப்பக்காரருக்குப் புரியாமலில்லை. ஆனாலும் என்ன செய்ய? மறுபடி அந்தச் சுரங்கச் சாலை, மறுபடி நட்டநடுவே நிற்கிற வண்டி, உள்ளே அவள். கண்ணை மூடினால் அதுதான் வந்தது. அந்தப் பயம் வரும்போதெல்லாம் அவர் மூக்கு இன்னும் கூர்மையானது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புரோக்கர், இவர் வீட்டு வாசலுக்கே ஒரு வெள்ளை செடானை ஓட்டிக்கொண்டு வந்தார். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கம்மி. அப்பா, அது என்ன கோலம்! கூரையில் தூசி. கதவோரம் சேறு. சீட்டுகளுக்கு உறை கிடையாது. கீழே மணல், பிஸ்கட் தூள், பல் உடைந்த ஒரு சீப்பு. பின்சீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு டீக்கறை. வாசனைத் திரவியம் என்று ஒன்றும் இல்லை, அழுக்கு நாற்றம்தான்.

மோப்பக்காரர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "யாரு வண்டி?"

"பிள்ளைகுட்டிக்காரங்க சார். கழுவக்கூட நேரமில்லாத குடும்பம். இப்படியே எடுத்துட்டுப் போய்யான்னு சாவியைக் குடுத்துட்டாங்க."

"அப்படிச் சொல்லுங்க! வாழ்ந்த வண்டின்னா இப்படித்தான் இருக்கும். மறைக்க ஒண்ணுமில்லாதவங்க." முகர்ந்தார். தலையை ஆட்டிக்கொண்டார். டீக்கறையை ஏதோ பழைய சிநேகிதனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

மச்சான் பானெட்டைத் திறந்தான். எண்ணெய் மூடியைக் கழற்றிப் பார்த்தான், தரையில் படுத்து அடிப்பக்கம் பார்த்தான், ஓட்டிப் பார்த்தான். வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்து அரை மணி நேரம் இழுப்பவன், இன்று எல்லாவற்றையும் மளமளவென்று முடித்துவிட்டான். "எஞ்சின் தங்கம் மாமா. ஒரே கை ஓட்டின வண்டி. அடி படல. பேப்பரெல்லாம் ஒழுங்கா இருக்கு. யோசிக்காதீங்க."

"நான் ஏன் யோசிக்கணும்?" என்றார் மாமா. முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வராத வாக்கியம்.

அவள் தானும் பார்க்க வேண்டும் என்றாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். பின்கதவைத் திறந்தார்கள். முதுகைக் காட்டி நின்று, மெல்ல உட்கார்ந்து, வலது காலை உள்ளே வைத்தாள்; இடது காலை அவர் எடுத்து வைத்தார். யாரும் தூக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. "நல்லா இருக்குங்க" என்றாள். சீட்டில் சாய்ந்துகொண்டாள். அவளுடைய உடை அந்த டீக்கறைமேல் பட்டுவிடும் போலிருந்தது.

"இரு, இரு." மோப்பக்காரர் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தார். இந்தக் கறை இன்றைக்குப் போகாது என்பது அவருக்குத் தெரியும். பழைய டீக்கறை துணிக்குள் ஊறிச் சாயமாகிவிடும். மருந்து போட்டு இரண்டு மூன்று தடவை எடுக்க வேண்டும். சும்மா மேலோடு துடைத்து வைப்போம் என்று ஒரே ஒரு இழுப்பு இழுத்தார்.

கறை வந்துவிட்டது. முழுசாக. கைக்குட்டையில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கீழே சீட் பளிச்சென்று இருந்தது. குனிந்து முகர்ந்தார். டீக்கு அடியில், மெல்லிசாக, எலுமிச்சை.

மனிதர் நிமிர்ந்த வேகத்தில் தலை காரின் கூரையில் இடித்தது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "யோவ்! எப்பய்யா ஊத்தினே இந்த டீயை?"

புரோக்கர் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பும் போனது. "சார்... அது வந்து..."

"நேத்து ராத்திரியா, இன்னிக்குக் காலையிலயா? யாரு தலையில மிளகாய் அரைக்கப் பாத்தே? கறைன்னா எனக்குத் தெரியாதா? எனக்கேவா?" தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. "எந்தக் கோளாறை மறைக்க இந்த வேஷம்? சொல்லு!"

"கோளாறே இல்ல சார்! அதான் சார் கோளாறு!" புரோக்கருக்கும் பொறுமை போய்விட்டது. "உங்களுக்கு ஞாபகமில்ல? இதே வண்டிதான் சார். என் இடத்துல வந்து கதவைத் திறந்தீங்க, மூக்கை விட்டீங்க, படார்னு மூடிட்டுப் போனீங்க. பாவம் அந்த வாத்தியார், உக்காந்து உக்காந்து கழுவிக் குடுத்த வண்டி. சுத்தமா காட்டினா திருட்டு வண்டிங்கறீங்க. சரி, உறையெல்லாம் கழட்டி அழுக்காக் காட்டலாம்னா அதுவும் திருட்டு. நான் எப்படித்தான் சார் உங்களுக்கு ஒரு நல்ல வண்டியை விக்கிறது?" மூச்சு வாங்கிக்கொண்டு, "இத்தனைக்கும் இந்த யோசனை என்னோடது இல்ல" என்றார்.

எல்லாரும் மச்சானைப் பார்த்தார்கள். மச்சான் முன்டயரைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"நீயாடா?"

"ஆமா மாமா, நான்தான்." எழுந்து நின்றான். கையிலிருந்த டார்ச் லைட்டை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டில் திணித்தான். "அன்னிக்கு நீங்க போனப்புறம் நான் தனியாத் திரும்பிப் போய் முழுசாப் பிரிச்சுப் பாத்தேன். இந்த மாதிரி வண்டி இனிமே கிடைக்காது. சொன்னா நீங்க கேக்கவா போறீங்க? அக்கா கை இறுகிட்டே போகுது மாமா. என் கண்ணால பாத்துட்டு இருக்கேன். நான் வேற என்ன பண்ணட்டும்?" கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்தது.

மோப்பக்காரர் அசைந்து கொடுக்கவில்லை. "அந்த வாத்தியாருக்குப் போன் போடு. நான் கேக்கறேன்." இதுவும் ஜோடித்த கதையாக இருந்தால்? இரண்டு பேர் சேர்ந்து ஏமாற்றுகிற இடத்தில் மூன்றாவது ஆளையும் செட்டப் செய்திருக்க மாட்டார்களா?

போனில் வந்தது வயதான குரல். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசினார். "ஆமாங்க, நான்தான் கழுவினேன். இப்ப கண்ணு சரியில்ல, ஓட்டறதை நிறுத்திட்டேன். என் வீட்டம்மா கடைசிவரைக்கும் அதே பின்சீட்டுலதான் வருவாங்க. போயிட்டாங்க. இன்னொரு குடும்பம் உக்காரப் போற இடம், அழுக்காக் குடுக்க மனசு வரல. எலுமிச்சை சோப்பு கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்." பிறகு அவரே கேட்டார். "ஏன் சார் கேக்கறீங்க? சீட்டுல ஏதாவது இருக்கா?"

மோப்பக்காரர் கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். டீயில் நனைந்து பழுப்பாகக் கசங்கிக் கிடந்தது. மணலையும் பிஸ்கட் தூளையும் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார். சுத்தமா இருக்கு" என்றார்.

போனைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக நல்லதுக்கு ஒரு பொய் சொன்னவர் போல முழித்தார். புரோக்கரும் மச்சானும் பயந்துபோய்த் தெருக்கோடிக்கு ஒதுங்கிவிட்டார்கள். பின்சீட்டிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. அவங்களை ஏன் திட்டறீங்க? நானும் அதைத்தானே பண்றேன்."

"என்ன பண்றே?"

"டீ ஊத்தறேன்." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். "தினமும் தோள் வலிக்குதான்னு கேப்பீங்க. இல்லைன்னு சொன்னா நம்பறீங்களா? ரெண்டாவது தடவை, மூணாவது தடவைன்னு மூஞ்சியையே பாத்திட்டு இருப்பீங்க. லேசா வலிக்குதுன்னு சொன்னாத்தான் உங்களுக்கு நிம்மதி. எனக்குத் தோள் வலிச்சு எவ்வளவோ நாளாச்சுங்க."

"அப்ப தைலம்?"

"நல்ல தைலம்தான். வலிதான் இல்ல."

காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். ஏதோ ஒன்று மனதுக்குள் அடுக்கடுக்காகச் சரிந்துகொண்டிருந்தது. கேட்கக் கூடாது என்று தோன்றியது, ஆனாலும் கேட்டார். "அன்னிக்கு... அந்தச் சுரங்கப்பாதையில..."

"பயப்படலைன்னு அப்பவே சொன்னேனே." அவள் குரலில் கோபமில்லை. அதுதான் அவரை இன்னும் கொன்றது. "நீங்க வெளிய நின்னு தள்ளிட்டு இருந்தீங்க. உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு இருந்தது. எனக்காகப் பயம் இல்ல. நீங்க விடாம கேட்டீங்க. சரி, ஆமான்னு சொல்லி வெச்சேன். அதைப் பிடிச்சிட்டு நீங்க தெரபியையே நிறுத்துவீங்கன்னு எனக்குத் தெரியாது. அப்புறம் எத்தனையோ தடவை பயமில்ல, போகலாம்னு சொன்னேன். நீங்கதான் நம்பல."

மடங்கிய அந்தக் கை அவள் மடியில் இருந்தது. சுண்டுவிரல் உள்ளங்கைக்குள் புதைந்திருந்தது. வெள்ளத்தில் மூழ்கிய காரின் பெல்ட்டில் சேற்றைக் கண்டுபிடித்த மூக்கு, எதிரில் உட்கார்ந்து தினம் தினம் முகத்தைப் பார்த்த கண், இரண்டும் இந்தக் கையை விட்டுவிட்டனவே என்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் நின்றுகொண்டு, டீக்கறை கைக்குட்டையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுல துடைக்காதீங்க, கண்ணு எரியும்" என்றாள் அவள்.

அன்று மதியமே கார் கைமாறியது. பழைய காரை மச்சான் ஓட்டிக்கொண்டு போனான். திருப்பத்தில் அது ஒரு தடவை நின்று, மறுபடி கிளம்பிப் போனது. மோப்பக்காரர் கடைக்குப் போகவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு புதுக் காருக்குள் இறங்கினார். மணலைப் பெருக்கினார், தூளை உறிஞ்சி எடுத்தார், சீட்டுகளைத் தன் கடை மருந்து போட்டுத் துடைத்தார். பல் உடைந்த சீப்பை மச்சானிடம் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தார். அது அவன் பட்டறைச் சீப்புதான். மாலையில் அந்தப் பக்கம் போன பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், பழைய வண்டியா? இவ்வளவு பளிச்சுனு இருக்கே, நல்லா விசாரிச்சீங்களா?" என்று கேட்டார். இவருக்கு எப்படியிருக்கும்! வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தெரபிக்குப் போனார்கள். சுரங்கச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கி, ஒரு முனகல் இல்லாமல் மேலே ஏறியது. டாக்டரம்மா கையைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார். "ரொம்ப இறுகிடுச்சே" என்றார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். அவள் வாய்விட்டுக் கத்திவிட்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த மோப்பக்காரருக்கு அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. இந்த வலியை யாரிடமும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தானே கொண்டுவந்து சேர்த்த வலி. எழுந்து போகலாம் என்று தோன்றியது; போகாமல் கடைசிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். போகப் போகத்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா வெளியே வந்து. முழுசாகத் திறக்கும் என்று அவர் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அவள் பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள்.

"இப்ப வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"இப்ப இல்ல."

நிஜமா என்கிற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வார்த்தையை விழுங்கினார். சுரங்கச் சாலை வந்தது, இறங்கினார்கள், ஏறினார்கள்.

"ஏங்க, இன்னொரு தடவை கேக்கலையா?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

"இல்ல. நம்பிட்டேன்."

அவள் கண்ணைத் திறந்தாள். கண்ணாடி வழியாக அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"நிஜமா?" என்று கேட்டாள்.